மறுபடியும் ஐந்தாம் வகுப்பு

“இந்த வருசமும் ஃபெயிலா, டீச்சர்?”

சபுராவின் வாப்பா நெய்னா முகம்மது போட்ட சத்தத்தில் கனகவல்லி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். போதாததற்கு, அவருடைய அண்ணன் மரைக்காயரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே நின்றார்.

“கணக்குத்தான் பாய், அவளுக்கு ஏறவே மாட்டேங்குது” என்றாள் டீச்சர், தரையைப் பார்த்தபடி.

“மக்குப் பிள்ளை. பேசாம நிப்பாட்டிருவமா, காக்கா?” என்று அண்ணனைக் கேட்டார் நெய்னா முகம்மது.

மரைக்காயருக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்ம வீட்டுப் பொண்டுக எல்லாம் அஞ்சாவது பாஸு. இவ மட்டும் ஃபெயில்னா பெரியபட்டினமே சிரிக்கும். பாஸாகட்டும், மறுநாளே நிப்பாட்டி நிக்காஹ்வை முடிச்சிருவோம். அதுவரைக்கும் இங்கனயே கிடக்கட்டும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெளியே நடந்தார்.

நெய்னா முகம்மது மட்டும் நகரவில்லை. டீச்சர் அடுத்த வசவுக்குத் தயாரானாள்.

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, கைலி மடிப்பில் செருகியிருந்த புத்தகத்தை உருவி மேசையில் வைத்தார். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா.

“நீங்க சொல்லிக் குடுத்த ஏழாவது கணக்கை முடிச்சிட்டாளாம். ராம்நாட்டுல தேடி வாங்கியாந்தேன்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வருசமும் மறந்துறாம ஃபெயில் போட்டுருங்க, டீச்சர்.”