இரண்டு வால் இறகுகள்

மைனாப் படையில் வேவு பார்ப்பது சடையனின் வேலை. போகணும், யார் கண்ணிலும் படாமல் பார்க்கணும், திரும்பி வரணும். அன்றைக்கும், படை தாக்கிப் பிடிக்கவிருந்த அத்திமரத்தைப் பார்த்துவிட்டு அப்படித்தான் வந்தான்.

"கிளைக்குக் கிளை காக்கா உட்கார்ந்திருக்கு, தளபதி. நாம போனா ஒருத்தரும் திரும்ப மாட்டோம்."

தளபதி கொண்டையன் அவனைச் சுற்றி வந்து பார்த்தான். "உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே. கிட்டவே போகாம கதை அளக்கிறியா?"

"கீறல் படாம வரத்தானே பயிற்சி?"

"போன தடவை வேலன் ரத்தம் ஒழுக வந்தான். அவன்தான் வேவுக்காரன்."

"அவன் மாட்டிக்கிட்டான்."

"வாயாடாதே. மறுபடி போய் ஒழுங்கா பார்த்துட்டு வா. இல்லேன்னா படை இப்பவே கிளம்பும்."

சடையனுக்கு அலுத்துப்போயிற்று. பாதி வழியில் ஒரு வேப்பமரத்தில் உட்கார்ந்து, தன் வாலில் இரண்டு இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டான். கொஞ்சம் இளைப்பாறினான். திரும்பி வந்து அதே சேதியைச் சொன்னான்.

கொண்டையன் அந்த வாலையே பார்த்தான். "அம்மாடி, அவ்வளவு பெரிய கூட்டமா? யாரும் கிளம்ப வேண்டாம். சடையா, இனிமே வேவுக்காரங்களுக்கெல்லாம் நீதான் பயிற்சி கொடுக்கணும்."

"ஆகட்டும்" என்றான் சடையன். எந்த இறகைப் பிடுங்கினால் பறக்கத் தடை இருக்காது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.