பாட்டைக் குறைக்கும் இடம்

அண்ணன் மூன்றாவது பந்தை முழங்காலால் தட்டி எழுப்பி மற்ற இரண்டோடு சேர்த்து விரல்களில் சுழலவிட்டதும், பிள்ளைகள் கூரை பிய்ந்துவிடும்படி கத்தினார்கள்.

எனக்குக் கொட்டாவி வந்தது.

காலையில் இன்னொரு பள்ளியில் இதே பந்து, இதே கத்தல். மத்தியானச் சாப்பாடு வேனில், மடியில் ஒயரைச் சுற்றிக்கொண்டே. அண்ணனுக்கு மணிக்கட்டு வலி, எனக்கு முதுகு. அவன் மேடையில் ஆடுவான். நான் ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை ஏற்றி இறக்குவேன். பிள்ளைகளுக்கு அவன் 'பம்பரம் அண்ணா'. நான் 'அந்த மைக்செட் ஆளு'.

அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வாயைத் திறக்காமல் செய்கிற வேலை, எனக்கு அது வசதிதான்.

ஆனால் இன்றைக்கு மூன்றாவது வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இது அவள் படிக்கும் பள்ளி.

வேனிலேயே அண்ணனிடம் கெஞ்சிவிட்டேன். என்ன வித்தை வேண்டுமானாலும் காட்டு, யாரையும் கேலி செய்யாதீர்கள் என்று எவ்வளவு வேண்டுமானாலும் புத்தி சொல்லு, அந்தக் கதையை மட்டும் இன்றைக்கு விட்டுவிடு, அவள் கேட்கக் கூடாது என்று.

"சரி விடுடா, எனக்குத் தெரியாதா?" என்றான்.

அவனுக்குத் தெரியும்தான். அவன் வாய்க்குத் தெரிய வேண்டுமே! இத்தனை வருஷமாக மூன்று பந்தும் கீழே இறங்கினால் அடுத்தது அந்தக் கதைதான். பந்துகள் இறங்கின. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"உங்க வயசுல நான் எப்படி இருந்தேன் தெரியுமா?"

அடப்பாவி!

இந்த இடத்தில் நான் பாட்டைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை. அவன் குரலைப் பாட்டே விழுங்கித் தொலைக்கட்டும் என்று குமிழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலைமையாசிரியை பார்த்தார். பி.டி. சார், தூங்குறியா என்பதுபோல் கையை ஆட்டினார்.

குறைத்தேன். வேறு என்ன செய்ய, வயிற்றுப்பிழைப்பு.

"எனக்குப் பேச்சு திக்கும். ஒரு வார்த்தை முழுசா வராது" என்று ஆரம்பித்தான்.

அப்புறம் எல்லாம் வழக்கம்போல வரிசையாக வந்தது. கூடப் படித்தவர்கள் அவனை விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டது. 'பந்து' என்று ஒரே ஒரு தடவை திக்காமல் சொல்லு, திறக்கிறோம் என்றது. உள்ளே அவன் கெஞ்சக் கெஞ்ச வெளியே அவர்கள் சிரித்தது. அந்தப் பந்தையே அடக்கிக் காட்டுகிறேன் பார் என்று சபதம் போட்டது.

"இப்ப சொல்லுங்க, நான் திக்குறேனா?"

"இல்லை!" என்று அரங்கமே கத்தியது. ஒரே கைதட்டல்.

அவன் எப்படித் திக்குவான்? பிறந்ததிலிருந்தே அவனுக்குப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. அவனைக் கேலி செய்ய ஒருத்தன் பிறந்து வர வேண்டும். பிள்ளைகளிடம் சொல்ல ஒரு கதை கிடைக்காமல் அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, என்னுடையதை எடுத்துக்கொள் என்று கொடுத்தவன் நான். என்னிடம் அது சும்மாதான் கிடந்தது.

மகளுக்குத் தெரிந்த அப்பா வேறு. திக்கினால் திக்கட்டும் போ என்று திரிகிற ஆள். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிவாள். கதவைத் தட்டித் தட்டி அழுத பையனை அவளுக்குத் தெரியாது. தெரியவே வேண்டாம் என்று இருந்தேன். அது நான்தான் என்று கண்டுபிடிக்க, திக்கும் என்கிற ஒரு வார்த்தை போதாதா அவளுக்கு?

"யாராவது கேள்வி கேக்கணுமா?" என்றான் அண்ணன்.

விரல் வலிக்காதா? பந்து எந்தக் கடையில் வாங்கியது? மூக்கில் சுத்துவீங்களா? சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான்.

என் மகள் எழுந்தாள். அவள் எழுந்ததுமே பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீங்க கெஞ்சக் கெஞ்ச அவங்க சிரிச்சாங்கல்ல? அப்புறம் கெஞ்சுறத நிறுத்திட்டீங்களா?"

இதை எந்தப் பள்ளியிலும் யாரும் கேட்டதில்லை. நானும் அவனுக்குச் சொன்னதில்லை. அண்ணன் பாவமாக என்னைப் பார்த்தான்.

அவன் பார்த்த பக்கமே அவளும் பார்த்தாள்.

மாட்டிக்கொண்டேன். அப்படியே ஓடிப்போய் வேனில் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அவளானால் உட்காரவில்லை. பதில் வாங்காமல் விடமாட்டேன் என்று நின்றாள்.

பெட்டிமேல் இன்னொரு மைக் இருந்தது. அதைச் சோதிக்கும்போதுகூடத் தட்டித்தான் பார்ப்பேன், ஹலோ சொல்ல மாட்டேன். எடுத்தேன்.

"நி... நி... நிறுத்திட்டேன்மா. சி... சிரிப்பாவது நிக்கட்டும்னு."

அரங்கம் சிரித்தது. முதலில் பின்வரிசை, அப்புறம் எல்லாரும். பம்பரம் அண்ணாவின் ஆள் அவரைப்போல நடித்துக் காட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள். பி.டி. சார்கூடச் சிரித்தார்.

என் மகள் சிரிக்கவில்லை. அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"நானும் நிறுத்திட்டேன்ப்பா" என்றாள்.