செய்தி வாசிக்கும் தமிழில்

ஃபோனை மேசையின் நடுவில் வைத்தாள்.

இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் மகள் ஆரணி. கதவோரம் குழந்தைகள் நலத்துறை அதிகாரி.

அதிகாரிக்குப் புரியாத மொழியில் பிள்ளையோடு பேசக்கூடாது. அது இந்தச் சந்திப்பு அறையின் சட்டம். அதனால் அவள் தமிழில் சொல்ல, ஃபோன் அவர்கள் குடியேறிய நாட்டு மொழியில் சொல்லும். பிள்ளை பதில் சொன்னால் தமிழாக்கித் தரும். காசில்லாத செயலி. குறை சொல்ல முடியாது.

ஒரேயொரு வில்லங்கம். "சாப்பிட்டியா ராசாத்தி?" என்று கேட்டால் அதற்கு ஒன்றும் விளங்காது. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலப் பேச வேண்டும்.

"ஆரணி, நீ மதிய உணவு சாப்பிட்டாயா?"

பெற்ற பிள்ளையிடம் யார் இப்படிக் கேட்பார்கள்?

ஆரணி குனிந்து ஃபோனுக்கே பதில் சொன்னாள். பிறகு சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினாள்.

"ஆம். சாப்பிட்டேன்," என்றது ஃபோன், யாரோ ஒரு பெண்ணின் குரலில்.

முன்பு ஒரு நாள் ஆத்திரத்தில் பிள்ளையை அடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கன்னத்தைப் பார்த்தார்கள். அன்றே கூட்டிப்போய் வளர்ப்பு வீட்டில் விட்டார்கள். இரண்டு பனிக்காலம் போனது. பிள்ளையின் தமிழும் போனது.

மொழியைப் படியுங்கள், பிள்ளையைத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். பஸ்ஸில், அடுப்படியில், எங்கே நின்றாலும் செயலியின் அகராதியைத் திறந்துவைத்துப் படிக்கிறாள். மண்டையில் ஏறுகிறது. வாயில்தான் வரமாட்டேன் என்கிறது.

"நீ என்னுடன் விளையாட விரும்புகிறாயா?"

ஃபோன் கேட்டது.

ஆரணி இந்த முறை ஃபோனைப் பார்க்கவில்லை. அதிகாரியைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

அதிகாரி அவசரமாக எழுந்து வந்து ஃபோனை அணைக்கக் கை நீட்டினார்.

ஃபோன் முந்திக்கொண்டது.

"நாம் வீட்டிற்குச் செல்லலாமா?" வளர்ப்பு வீட்டைத்தான் பிள்ளை வீடு என்கிறது.

அதிகாரியின் கை பாதியில் நின்றது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளும் எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை.

சந்திப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. அவள் விட்டால்தான் பிள்ளை அதற்கு முன் போக முடியும். அது ஆரணிக்கும் தெரியும். இன்றைக்கு முதல்தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். ஃபோன் வேண்டியிருக்கவில்லை. அந்த நாட்டு மொழியிலேயே, தட்டுத்தடுமாறாமல் வந்தது.

"நீ போகலாம்."

ஆரணி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கிக் கதவருகே போய் நின்றாள்.

அதிகாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாக ஒன்றைச் சொன்னார்.

"உங்கள் உச்சரிப்பு மிகவும் நன்றாக இருக்கிறது," என்றது ஃபோன்.