மரியாதைக்கார மனுசன்

"கொடுத்து வச்சவங்க அக்கா நீங்க. பொண்டாட்டிய வாங்க போங்கன்னு பேசுற ஆம்பளைய நான் இந்த ஊர்ல இப்பத்தானுங்க பார்க்குறேன்."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள் அனுசுயா. பொள்ளாச்சிக்காரி. பேங்க் வேலைக்காகக் குமுளிப் பக்கமுள்ள கூடலூருக்கு மாற்றலாகி, மாடி வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது.

கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள் சோணையம்மாள். கையிலிருந்த சட்டையைக் கல்லில் ஓங்கி இரண்டு அடி அடித்தாள்.

"எங்க பக்கம் பெத்த குழந்தையக்கூட 'வாங்க கண்ணு'ன்னுதான் கூப்பிடுவோம். இங்க வந்த அன்னைக்கே காய்க்காரம்மா 'என்னடி வேணும்'னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க."

"அது கோவம் இல்லம்மா. இங்கன மனசுக்குப் புடிச்ச ஆளத்தான் வா, போன்னு சொல்லுவோம். வாங்க போங்கன்னா வெளியாளு."

"அப்ப உங்க வீட்டுக்காரருக்கு நீங்க வெளியாளுங்களா?"

சோணையம்மாளின் கை நின்றது.

அந்நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வேல்பாண்டி குரல் கொடுத்தார். "ஏங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் செம்பில் கொடுத்தாள். அவர் பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உங்களுக்குத்தான் சிரமம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். அனுசுயா படியிறங்கி வந்து அருகில் நின்றாள். "ஏதாச்சும் சண்டைங்களா அக்கா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே!" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவுக என் அத்தை மகன். ஒரே தெருவுல வளந்தோம். கல்யாணமாகி இருபத்தாறு வருசம். நாலு பேர்ட்ட சொல்றப்பதான் 'வந்தாக, போனாக'. நேருல ரெண்டு பேருமே நீ, வா, போதான். இப்பத்தான் இப்படி ஆயிட்டாக."

"மாறிட்டாருன்னு சந்தோசப்படுங்க. மரியாதை கெடைக்குறது நல்லதுதானுங்களே?"

சோணையம்மாள் துணியைப் பிழிய ஆரம்பித்தாள். நேற்றுச் சோறு போட்டபோது, 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குத்தான் அடுப்படியில் போய் நின்று அவ்வளவு நேரம் அழுதாள்.

மதியத்துக்கு மேல் குமுளி மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மொட்டைமாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. சோணையம்மாள் ஓடிப்போய் வாரி, சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கைப்பிடி இல்லாத படி. கால் வழுக்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாக்கு உருண்டு, கட்டு அவிழ்ந்து, மிளகாயெல்லாம் முற்றத்தில் சிதறியது.

கீழேயிருந்து ஒரு சத்தம் தெருவையே தூக்கியது.

"ஏ ஊளமூக்கி! மழையில ஒன்ன எவடி மேல ஏறச் சொன்னது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? மொளகா போனாப் போகுது, எறங்குடி கீழ!"

நனைந்தபடி படிக்குக் கீழே நின்று, கையை நீட்டிக்கொண்டிருந்தார் வேல்பாண்டி.

அனுசுயா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். முகம் சிவந்துவிட்டது. "இவரையா நான் மரியாதைக்காரர்னு சொன்னேன்! சும்மா இருக்காதீங்க அக்கா, என்ன பேச்சு இதுன்னு கேளுங்க!"

சோணையம்மாள் கேட்கவில்லை. ஈரப்படியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"கத்தாதய்யா, வாரேன். நீ மொத வந்து கையப் புடி."

அவர் கையைப் பற்றி இறங்கியவள், ஈரச் சேலையோடு வீட்டுக்குள் ஓடிப் போனை எடுத்தாள். மதுரையிலிருக்கும் மகளைக் கூப்பிட்டாள்.

"கயலு! உங்கப்பா என்னைய ஊளமூக்கின்னு திட்டிட்டாக! ஏழு வயசுல அவுக எனக்கு வச்ச பேரு ஆத்தா அது! ஒடனே டாக்டர்ட்ட சொல்லிரு. ஜீப்பு கவுந்து தலையில அடிபட்டதுலருந்து, என்னைய ஆசுபத்திரி நர்சம்மான்னே நெனச்சுக்கிட்டிருந்த மனுசனுக்கு, இன்னைக்கு நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு!"