மணியும் மாதுளையும்

"மாதுளம்பழத்தை எல்லாம் எடுத்துட்டு வெறும் மணியை மட்டும் வெச்சு முடிச்சுடுங்க அக்கா. யாரு குனிஞ்சு எண்ணப் போறாங்க?" என்றான் அண்ணன்.

"அப்பா எண்ணுவாரு" என்றாள் தங்கை.

டெய்லர் அக்கா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். அவள் மடியில் நீல அங்கி ஒன்று கிடந்தது. பைபிளில் பிரதான ஆசாரியன் போட்டுக்கொள்வதாக வருமே, அதே அங்கி. கீழ் ஓரத்தைச் சுற்றி ஒரு மணி, நூலில் செய்த ஒரு மாதுளை, மறுபடி ஒரு மணி.

"ஏற்கெனவே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு உங்கப்பா. முதல்ல நீலம் சரியில்லையாம். அப்புறம் மணி சரியில்லையாம், நாய்க் கழுத்துல கட்டறதாம் அது. நானும் எத்தனையோ நாடகத்துக்குத் தெச்சிருக்கேன். ராஜா, ராணி, ஒரு தடவை முதலைக்குக்கூட. அந்த முதலை ஒரு குறை சொல்லல."

அண்ணன் சிரிக்கவில்லை. தங்கையிடம் திரும்பினான்.

"இங்க பாரு. கையில கட்டினது, கழுத்துல மாட்டினது, எல்லாத்தையும் கழட்டி வீசிட்டாரு. இன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டா சரி. இதையும் வீசினா நாளைக்குக் காலைல நான் சொன்ன ஆள் வருவான். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"போட்டுக்குவாரு. அப்பாவை எனக்குத் தெரியாதா?" என்றவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் ஒத்து வராவிட்டால் வேறு நடிகரைப் போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று டெய்லர் அக்கா நினைத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது.

பெரியவர் மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போதகருக்குப் படிக்கிறவர்களுக்கு ஆயுசு முழுக்க வேதபாடம் எடுத்தவர். அங்கியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கழுத்து?"

"கிழியாம இருக்க மடிச்சு ரெட்டைத் தையல் போட்டிருக்கேன் ஐயா."

"மாதுளை?"

"ரெண்டு மணிக்கு நடுவுல ஒண்ணு."

"அதுதான் முக்கியம்" என்று ஒரு விரலை உயர்த்தினார். "நடுவுல மாதுளை இல்லேன்னா மணியும் மணியும் மோதிக்கும். வெறும் இரைச்சல். ஆசாரியன் சந்நிதிக்குள்ள தனியாப் போவான். கூட யாரும் போக முடியாது. வெளிய நிக்கிற ஜனத்துக்கு இந்த மணிதான் கண்ணு. சத்தம் வந்தா ஆள் உயிரோட இருக்கான்."

"அப்போ மார்ப்பதக்கத்துல பன்னெண்டு கல்லு?" என்றாள் டெய்லர் அக்கா.

"பன்னெண்டு கோத்திரத்துப் பேரு. தன் ஜனத்தை நெஞ்சு மேலயே சுமந்துக்கிட்டுப் போறான். மறந்துரக் கூடாது இல்லையா?"

அங்கியைத் தடவிப் பார்த்தவர் மறுபடி விரலை உயர்த்தினார். "மாதுளை முக்கியம். நடுவுல மாதுளை இல்லேன்னா மணியும் மணியும் மோதிக்கும். வெறும் இரைச்சல்..."

டெய்லர் அக்கா தங்கையின் காதைக் கடித்தாள். "ஒரு எழுத்து பிசகல பாரு! வசனம் மொத்தமும் மனப்பாடமா?"

"ம்" என்றாள் தங்கை.

"காலருக்குப் பின்னாடி போன் நம்பர் தைக்கச் சொன்னியே, தெச்சுட்டேன். வாடகைக்கு விடறதா இருந்தா உங்க பேரையும் போட்டுடலாமே?"

"அதையும் போட்டுடுங்க அக்கா."

பிறகு தங்கை அங்கியை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். "போட்டுக்கறீங்களாப்பா?"

பெரியவர் ஓரத்தை ஒரு முழுச் சுற்று பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தான். பெரியவர் கைகளைத் தூக்கினார். தலை நுழைந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் அரை அடி வளர்ந்தவர் போலிருந்தார்.

"கழட்டித் தாங்க ஐயா, இஸ்திரி போட்டுத் தரேன்."

"வேலை முடியாம ஆசாரியன் உடுப்பைக் கழட்ட மாட்டான்."

தங்கை அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் பேச்சை மாற்றுவதற்காக மார்ப்பதக்கத்தைக் கையில் எடுத்து, கல்லைத் தைப்பதா ஒட்டுவதா என்று ஆரம்பித்தான். மூன்று பேரும் மேஜைமேல் குனிந்தார்கள்.

கலகலவென்று சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு முன்னால் யாரும் இல்லை.

"படியில இறங்கறாரு" என்றாள் தங்கை, கண்ணை மூடிக்கொண்டு.

"இறங்கியாச்சு. தெருவுல இடது பக்கம் திரும்பறாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஓடினான். கொஞ்ச நேரத்தில் அதே கலகலப்பு படியேறி வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் வந்தான்.

"மேடையில நுழையறதுக்கு இப்பவே ஒத்திகையா? கெட்டிக்காரர்தான்!" என்றாள் டெய்லர் அக்கா.

அண்ணன் மூச்சு வாங்கியபடி போனை எடுத்தான்.

"அண்ணே, நாளைக்கு வர வேணாம். ஆமா, அப்பா ரூமுக்கு வெளிப்பக்கமா போடச் சொன்ன பூட்டுதான். வேணாம்." எதிர்முனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். "இல்லண்ணே, ஞாபகமெல்லாம் திரும்பல. எங்க பேரே தெரியாது அவருக்கு. கொஞ்சம் அசந்தா இன்னும் தெருவுக்குத்தான் கிளம்பறாரு. ஆனா இப்ப மணிச் சத்தம் கேக்குது."

டெய்லர் அக்காவின் கை நின்றுவிட்டது. தங்கை அவளிடம் நெருங்கி வந்து ஆசையாகக் கேட்டாள்.

"அக்கா, இதைத் துவைக்கற அன்னிக்கு மாத்திப் போட இன்னொண்ணு வேணுமே, என்னிக்குத் தருவீங்க?"