மொட்டைமாடிக் குளம்

ஏரியில் மிஞ்சியிருந்த தண்ணீரை உறிஞ்சிய லாரிக் குழாய் வழியே ஒரு தவளை ஜோடியும் வந்து, புதிதாகப் போட்ட மொட்டைமாடிக் கான்கிரீட் தளத்தின்மேல் விழுந்தது. தளம் வெடிக்காமலிருக்க, அங்கே ஆற்று மணலால் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் பெண் தவளை வரப்பு மணலிடம் பெருமையாகச் சொன்னது: "பாம்பு இல்ல, கொக்கு இல்ல. ஏரிக்கு இது எவ்வளவோ தேவலை. முட்டைகூட போட்டுட்டேன்."

மணல் கேட்டது:

"குஞ்சுக்குக் கால் முளைக்க எத்தனை நாளாகும்?"

"நாப்பது நாள்."

"இங்க பதினாலு நாள்தான் தண்ணி நிக்கும், தாயி. அப்புறம் என்னை மண்வெட்டியால வெட்டித் திறந்து விட்டுடுவாங்க."

"அப்போ ஏரிக்கே போயிடறோம்."

"ஓரத்துல ஏறிப் பாரு."

தவளை ஏறிப் பார்த்தது. வற்றிப்போன ஏரிக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டு, அடுத்த கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்து தவளை கேட்டது:

"அங்கயும் மாடி போடுவாங்க இல்ல? தண்ணி தேக்குவாங்க இல்ல?"

"தேக்குவாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பதினாலு நாளைக்கு," என்றது மணல்.