நேராகப் போகும் விமானம்

"அந்த ஊர் ஓடுபாதை இதுக்குப் போதும் சார்! போதுமா போதுமான்னு எத்தனை தடவைதான் கேட்பீங்க?"

சொன்ன மறுகணமே விற்பனை மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். விமானம் விற்க வந்தவன் குரலை உயர்த்தக் கூடாது. ஆனால், காலையிலிருந்து இந்த நிதி அதிகாரி அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

சின்னதொரு விமானச் சேவை நிறுவனம் அது. மேஜையின் தலைப்பக்கம் நிறுவனத் தலைவர். ஒரு பக்கம் நிதி அதிகாரி. எதிர்ப்பக்கம், எந்த ஊருக்கு விமானம் விடலாம் என்று திட்டம் போடும் வழித்தட அதிகாரி. கண்ணாடி அணிந்த அமைதியான பெண்மணி. நடுவில், ஒரு முழம் நீளத்தில் ஒரு பொம்மை விமானம்.

"மறுபடி சொல்றேன் சார்" என்று விற்பனை மேலாளர் பொறுமையை இழுத்துப் பிடித்தார். "நடுவுல ஒரே நடைபாதை, பக்கத்துக்கு மூணு சீட்டு. நூத்தி எண்பது பேர் ஏறினா நிரம்பிடும். ஆனா ஏழரை மணி நேரம் எங்கயும் இறங்காம பறக்கும். உடம்பு சின்ன விமானம், மூச்சு பெரிய விமானம்."

"அதான் நம்மகிட்ட பெரிய விமானமே இருக்கே?"

"அது முந்நூறு பேர் ஏறுறது. மேடம் சொல்ற ஊருக்கு அதை விட்டா பாதி சீட்டு காத்து வாங்கும். உங்க பழைய சின்ன விமானமோ பாதி வழியிலேயே எரிபொருள் கேட்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஓட்டையை அடைக்கத்தான் இது வந்திருக்கு. பழசைவிட எரிபொருளும் அஞ்சுல ஒரு பங்கு மிச்சம்."

தலைவர் தலையசைத்தார். நிதி அதிகாரி அசைந்து கொடுக்கவில்லை.

"எதிர்க்காத்து அடிச்சா?"

"அதையும் சேர்த்துத்தான் ஏழரை மணி நேரம்னு சொன்னேன். அந்த ஊர் ஆறு மணி நேரத் தூரம்தான்."

"ஒரு என்ஜின் நின்னுட்டா?"

"இன்னொண்ணு கொண்டுபோய்ச் சேர்க்கும்."

"மழைக்காலத்துல ஓடுபாதையோட கிழக்குப் பக்கம் தண்ணி நிக்குமே?"

விற்பனை மேலாளருக்குத் தலை சுற்றியது. இந்த மனிதர் எங்கிருந்துதான் இதையெல்லாம் தோண்டி எடுக்கிறார்?

"போன வருஷமே வடிகால் வெட்டிட்டாங்க" என்றார் வழித்தட அதிகாரி, தலை நிமிராமல்.

"மேடம் எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பாங்க" என்று நிதி அதிகாரி கடுகடுத்தார். "அந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு?"

"மனுஷங்க இருக்காங்க சார்."

"அவங்க இப்பவும் வந்து போயிட்டுத்தானே இருக்காங்க?"

"ரெண்டு இடத்துல விமானம் மாறி, ஒரு பகல் பூரா நாற்காலியில உட்கார்ந்து! வயசானவங்களால அது முடியுமா?"

"வயசான காலத்துல எதுக்கு அலையணும்? வீட்டோட இருக்கட்டுமே!"

"சரி, சின்னவங்க போய்ப் பார்க்கலாமே?"

நிதி அதிகாரி பொம்மை விமானத்தின் வாலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே, "மேடம் கேட்கிற மாதிரி வாரத்துக்கு மூணு தடவை ரொம்ப அதிகம். மாசத்துக்கு ஒண்ணு விட்டா ஆகாதா?" என்றார்.

"விமானம் சார் இது, மாத்திரை இல்ல!" என்று வெடித்தார் விற்பனை மேலாளர். வேலை போனாலும் போகட்டும் என்றாகிவிட்டது அவருக்கு. "தரையில நின்னா நஷ்டம், பறந்தாத்தான் லாபம். இதுகூடவா ஒரு நிதி அதிகாரிக்கு நான் சொல்லணும்?"

தலைவர் மேஜையைத் தட்டினார்.

"போதும்! எனக்கே காது வலிக்குது. கணக்கு சரியா வருது, வழியும் சரியா இருக்கு. நாலு விமானம் வாங்கறோம். முதல் விமானம் அந்த ஊருக்குத்தான். எப்ப கிடைக்கும்?"

"அடுத்த கோடைக்கு சார்."

"அவ்வளவு சீக்கிரமாவா?" என்று நிதி அதிகாரி முனகினார். முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார்.

கை குலுக்கல்கள் முடிந்தன. லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தார் வழித்தட அதிகாரி.

"மேடம், நீங்க மட்டும் இல்லேன்னா நான் கோட்டை விட்டிருப்பேன்" என்றார் விற்பனை மேலாளர். "ஆனா ஒண்ணு புரியல. விலையைப் பத்தி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசல. அந்த ஊர் மேல அவருக்கு அப்படி என்ன கோபம்?"

"கோபம் இல்ல சார். அது அவர் சொந்த ஊர். அங்க அவரோட அம்மா தனியா இருக்காங்க. இவர் ஒரே பிள்ளை."

"அப்ப சந்தோஷம்தானே படணும்?"

"'என்னம்மா பண்றது, நேரா விமானம் இல்லையே, இருந்தா அடுத்த நாளே வந்து நிப்பேனே'ன்னு ஏழு வருஷமா போன்ல சொல்லிட்டிருக்கார். அவங்களும் நம்பி, ஒவ்வொரு தடவையும் 'பாவம் என் புள்ளை'ன்னு அழுவாங்க."

விற்பனை மேலாளர் திகைத்தார். "அம்மாவும் பிள்ளையும் போன்ல பேசறது உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

லிஃப்ட் கதவு திறந்தது. அவர் ஏறும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணி சொன்னார்:

"போனை வாங்கி அவங்க அழுகையை நிறுத்தறது நான்தானே சார். நான் அவங்க மருமக."